கசிவின் கணக்கு

டிரான்சிஸ்டர் முழுதாக அணைவதே இல்லை. ‘அணைத்தாயிற்று’ என்று நாம் நினைக்கும் நிலையிலும் அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டுதான் இருக்கும். நானோஆம்பியர் கணக்கு, சில சமயம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணினிச் சில்லு வடிவமைப்பவர்களுக்கு இது தீராத தொல்லை. சும்மா கிடக்கும் கைப்பேசியிலும் பேட்டரி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் அடைக்கப் பார்க்கும் இந்தக் கசிவிலேயே முழுக் குடித்தனமும் நடத்துகிற சில்லுகள் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு, எதிரே ஏதாவது நகர்கிறதா, எந்தப் பக்கம், என்ன வேகம் என்று சொல்வது அவற்றின் வேலை. உள்ளே நிரல் இல்லை. நினைவகம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் நடத்தும் கடிகாரத் துடிப்பும் இல்லை. வெளிச்சம் விழுகிறது, மின்னழுத்தங்கள் தாமாக ஒரு நிலைக்கு வந்து நிற்கின்றன, அந்த நிலைதான் விடை.

இவற்றின் சுற்றுப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ரசிப்பது என் வழக்கம். பயன் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தையில் இவற்றுள் பெரும்பாலானவை எடுபடவில்லை. ஆனால் ஐந்தாறு டிரான்சிஸ்டர்களுக்குள் இத்தனை யோசனையை இழைத்துவைத்த கைவேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் கசிவின் குணம். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் முனையின் மின்னழுத்தம், அது திறந்துகொள்ளும் தொடக்க எல்லைக்குக் கீழே இருக்கும்போது, அதை 80, 90 மில்லிவோல்ட் உயர்த்தினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். இன்னும் அவ்வளவே உயர்த்தினால் நூறு மடங்கு. இந்தப் பக்கம் கூட்டக் கூட்ட, அந்தப் பக்கம் பெருகுகிறது. எலெக்ட்ரான்கள் ஓர் ஆற்றல் மேட்டை ஏறிக் கடந்தாக வேண்டும். மேட்டின் உயரம் சீராகக் குறைந்தால், கடப்பவற்றின் எண்ணிக்கை மடங்கு மடங்காகக் கூடும். போல்ட்ஸ்மன் வகுத்த விதி அது. நரம்பணுவின் சவ்வில் அயனிகளுக்கு வழிவிடும் வாயில்கள் திறப்பதும் இதே விதிப்படிதான்.

இந்த ஒற்றுமையை விடாமல் பிடித்துக்கொண்டவர் கார்வர் மீட். பாசடீனாவில் உள்ள கால்டெக்கில் பேராசிரியராக இருந்தவர். டிஜிட்டல் சில்லுகளை வடிவமைக்கும் முறையை லின் கான்வேயோடு சேர்ந்து 1980இல் பாடநூலாக எழுதி, ஒரு தலைமுறைப் பொறியாளர்களை அந்த வழியில் நடக்க வைத்தவர். ஊரே அவர் காட்டிய வழியில் நடக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில் அவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினார். அதற்கு விதை முன்பே விழுந்திருந்தது. இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்து 1969இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் டெல்புரூக் அதே வளாகத்தில் இருந்தார். நரம்புச் சவ்வுகளின் பக்கம் மீடின் கவனத்தைத் திருப்பியவர் அவர். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன், ஜான் ஹாப்ஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து, கணிப்பதற்குப் பின்னுள்ள இயற்பியலை ஒரு பாடமாகவே நடத்தினார் மீட். அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1989இல் வந்த ‘அனலாக் விஎல்எஸ்ஐ அண்ட் நியூரல் சிஸ்டம்ஸ்’ என்ற அவருடைய நூல்தான் இந்தத் துறைக்கு மூலநூல்.

நியாயமாகச் சொன்னால், கசிவை வேலைக்கு அமர்த்துவதை சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் நகரத்துக் கடிகாரக்காரர்கள் மீடுக்கு முன்பே செய்துவிட்டார்கள். பொத்தான் அளவு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய கைக்கடிகாரத்துக்கு மைக்ரோஆம்பியரை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். எரிக் விட்டோஸும் ழான் ஃபெல்ராத்தும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் கசிவு நிலைச் சுற்றுகளின் இலக்கணம் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. அவர்களுக்கு அது சிக்கனம். மீடுக்கு அது நரம்பின் மொழி.

இனி சில்லுக்குள் போகலாம். வாசலில் நிற்பது ஒளியுணரி. நான் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான்.

இதைச் செய்தவர் டோபி டெல்புரூக், மாக்ஸ் டெல்புரூக்கின் மகன். தந்தை எந்தப் பேராசிரியரைச் சவ்வுகள் பக்கம் திருப்பினாரோ, அவரிடமே மகன் வந்து 1993இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் முன்னால் இருந்த சிக்கல் இது: நிலா வெளிச்சத்துக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அந்த வீச்சு முழுவதையும் ஒரே உணரி தாங்க வேண்டும். அதே உணரி, சாம்பல் நிறச் சுவரில் சாம்பல் நிறப் பல்லி ஓர் அங்குலம் நகர்ந்தால் உண்டாகும் ஒன்றிரண்டு சதவீத மாறுதலையும் தவறவிடக் கூடாது.

முதல் பாதிக்குக் கசிவே மருந்து. ஒளி உண்டாக்கும் மின்னோட்டத்தைக் கசிவு நிலையிலுள்ள ஒரு டிரான்சிஸ்டர் வழியே விட்டால், அதில் எழும் மின்னழுத்தம் ஒளியின் மடக்கையாக அமைகிறது. பத்து லட்சம் மடங்கு, அரை வோல்ட்டுக்குள் சுருண்டுகொள்ளும். கூடவே கேட்காமலே ஒரு வரம் கிடைக்கிறது. வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டையைப்போலப் பத்து மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்றால், வெயிலிலும் பத்து மடங்குதான், திண்ணை நிழலிலும் பத்து மடங்குதான். மடக்கை எடுத்தால் மடங்கு என்பது வித்தியாசமாக மாறிவிடும். ஆகவே இரண்டு இடத்திலும் சட்டைகளுக்கு இடையே ஒரே மின்னழுத்த வித்தியாசம். விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதை விட்டுவிட்டு, பொருள் எப்படிப்பட்டது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது அந்த ஒற்றை டிரான்சிஸ்டர்.

இரண்டாம் பாதியில்தான் டெல்புரூக்கின் கைவண்ணம். நிலையான வெளிச்சத்துக்கு அடக்கமாகவும் திடீர் மாறுதலுக்குப் பல மடங்காகவும் உணரி பதில் சொல்ல வேண்டும். அப்படியானால் சற்றுமுன் இருந்த வெளிச்சம் அதன் ஞாபகத்தில் இருக்க வேண்டும். ஞாபகத்துக்கு ஒரு சிறு மின்தேக்கி போதும். அந்த ஞாபகம் நொடிக்கணக்கில் மெல்ல மாற வேண்டும் என்றால் ராட்சத மின்தடை ஒன்று தேவை; அதைச் சில்லில் வரையப் போனால் பிக்சலில் வேறெதற்கும் இடம் இருக்காது. டெல்புரூக் ஒரு டிரான்சிஸ்டரின் முனைகளை வழக்கத்துக்கு மாறாகக் கோத்தார். ஒரு பக்கம் மின்னழுத்தம் ஏறினால் அது சாதாரண மாஸ் டிரான்சிஸ்டராகக் கடத்துகிறது. மறுபக்கம் ஏறினால், அந்தக் கட்டமைப்புக்குள்ளேயே யாரும் வரையாமல் தானாக அமைந்திருக்கும் பைபோலார் டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு கடத்துகிறது. வித்தியாசம் சிறிதாக இருக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய அடைபட்டே கிடக்கின்றன.

விளைவைப் பாருங்கள். சின்ன மாறுதல் வந்தால் ஞாபகம் அசையாது. மாறுதல் முழுதும் பெருகி வெளியே வரும். யாரோ அறைக்குள் வந்து விளக்கைப் போட்டார்கள் என்றால் வித்தியாசம் பெரிது. உடனே வழி திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் ஞாபகம் புது வெளிச்சத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். ‘சிறியதற்கு நிதானம், பெரியதற்கு வேகம்’ என்ற இந்த நடத்தையை நிரலாக எழுதினால் சில வரிகள் ஆகும். இங்கே ஒரே டிரான்சிஸ்டர். அதிலும் பாதி வேலையைச் செய்வது, மற்ற வடிவமைப்பாளர்கள் ஒட்டுண்ணி என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கும் பைபோலார்.

போகிற போக்கில் இன்னும் ஒன்று. ஒளி டயோடுக்கு இயல்பாகவே கணிசமான மின்தேக்கம் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் வரும் பிக்கோஆம்பியர் மின்னோட்டம் அதை நிரப்பி வடிப்பதற்குள் பல்லி போய்விடும். அதனால் இந்தச் சுற்று பின்னூட்டத்தைக் கொண்டு டயோடின் மின்னழுத்தத்தை ஏறக்குறைய அசையாமல் பிடித்துவைக்கிறது. அசையாததை நிரப்ப வேண்டியதும் இல்லை, வடிக்க வேண்டியதும் இல்லை. பிறகு, சிலிக்கானில் எங்கே ஒளி பட்டாலும் மின்னோட்டம் பிறக்கும் என்பதால், டயோடுக்கு நேர் மேலே மட்டும் ஒரு சன்னல் விட்டு மீதி முழுவதையும் உலோகப் படலத்தால் மூடியிருப்பார்கள்.

வெளிச்சம் மாறியது தெரிந்துவிட்டது. அது நகர்வுதானா என்பது வேறு கேள்வி. காற்றில் இலை ஆடி நிழல் மினுங்கினாலும் வெளிச்சம் மாறத்தான் செய்யும். இதற்கான விடை 1956இல் ஜெர்மனியில் ஒரு கூன்வண்டிடமிருந்து கிடைத்தது.

பெர்ன்ஹார்ட் ஹாசென்ஸ்டைன் உயிரியலாளர். வெர்னர் ரைஹார்ட் இயற்பியலாளர். போர்க்காலத்தில் ராணுவத்தில் சந்தித்து, போர் முடிந்த பின் சேர்ந்து ஆராய்ந்தவர்கள். குளோரோஃபானஸ் என்ற கூன்வண்டின் முதுகை ஒட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். அதன் கால்களுக்கு, லேசான துண்டுகளால் கோத்த ஓர் உருண்டைக் கூட்டைக் கொடுத்தார்கள். வண்டு நடப்பதாக நினைத்துக்கொள்கிறது. கூடு அதன் காலடியில் உருள்கிறது. சில அடிகளுக்கொரு முறை பாதை இரண்டாகப் பிரியும். இடமா, வலமா என்று வண்டு தேர்ந்தெடுத்தாக வேண்டும். சுற்றிலும் பட்டைகளை நகர்த்தினால், நகரும் பக்கத்தையே அது அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறது. இடம் எத்தனை, வலம் எத்தனை என்று எண்ணினால் போதும். வண்டு தன் கண்ணில் நடக்கும் கணக்கை எண்ணாகவே சொல்லிவிடுகிறது. உடலைத் திறக்காமல், ஊசி குத்தாமல், நடையை மட்டும் எண்ணி மூளைக்குள் எட்டிப் பார்த்த சோதனை இது. எளிமையில் இதற்கு இணை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

அதன் உச்சம் இனிமேல்தான். பட்டைகளை விட்டுவிட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்களில் மட்டும் வெளிச்சத்தை மாற்றினார்கள். முதல் இடத்தில் வெளிச்சம் கூடி, பிறகு இரண்டாம் இடத்திலும் கூடினால் வண்டு அந்தத் திசையில் திரும்பியது. முதலில் குறைந்து, பிறகும் குறைந்தால் அப்போதும் அதே திசைதான். ஆனால் ஓரிடத்தில் கூடி மற்றதில் குறைந்தால் வண்டு எதிர்த்திசையில் திரும்பியது. கூட்டலும் கூட்டலும் சேர்ந்தால் கூட்டல். கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல். கலந்து வந்தால் கழித்தல். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த பெருக்கல் குறி விதி! வண்டு பெருக்குகிறது. ஓர் இடத்தின் செய்தியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அண்டை இடத்தின் தாமதமில்லாத செய்தியோடு பெருக்குகிறது. எதிர்த்திசைக்கும் இதேபோல் ஒன்று செய்து, இரண்டையும் கழிக்கிறது. மினுக்கம் இரண்டு பக்கமும் சமமாக விழுவதால் கழிந்துபோகிறது. நகர்வு மட்டும் மிஞ்சுகிறது.

வண்டோடு இது நிற்கவில்லை. படம் ஒரு பக்கம் தாவும் அதே கணத்தில் அதன் கறுப்பு வெள்ளையை மாற்றிப்போட்டால், மனிதர்களுக்கும் அது எதிர்ப்பக்கம் நகர்வதாகவே தோன்றும் என்று 1970இல் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் காட்டினார். கலந்து வந்தால் கழித்தல் என்ற வண்டின் விதி நம் கண்ணையும் விடுவதில்லை.

இப்போது இதைச் சிலிக்கானில் கட்ட வேண்டும். பெருக்கல் என்றால் டிஜிட்டல் சில்லில் ஒரு பெரிய வட்டாரத்தையே ஒதுக்க வேண்டும். கசிவு நிலையிலோ, மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் பெருகும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே கூட்டலே பெருக்கல். ஒரு கைப்பிடி டிரான்சிஸ்டர்கள் போதும். பாரி கில்பர்ட் 1968இல் வேறு தேவைக்காக வடிவமைத்த பெருக்கிச் சுற்று இங்கே கச்சிதமாக வந்து உட்கார்ந்துகொண்டது. தாமதத்துக்கும் தனி ஏற்பாடு இல்லை: மாறுதலைச் சற்று மந்தமாகப் பின்தொடரும் ஒரு வடிகட்டி, அந்த மந்தமே தாமதம். கால்டெக்கில் ரீட் ஹாரிசனும் கிறிஸ்டோஃப் கோக்கும் 2000ஆம் ஆண்டு வாக்கில் இப்படி ஒரு சில்லைச் செய்து, ஈயின் கண்ணிலிருந்து இறக்கைவரை போகும் திசைதிருத்த ஏற்பாட்டை அதன்மேல் கட்டிக்காட்டினார்கள்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்த வகை உணரி வேகமானி ஆகாது. பட்டைகள் அகலமானால் ஒரு விடை, ஒடுக்கமானால் ஒரு விடை. கறுப்பு வெள்ளை வித்தியாசம் மங்கினால் விடையும் சுருங்கும். திசையை உறுதியாகச் சொல்லும். வேகத்தை ஏதோ குத்துமதிப்பாகச் சொல்லும். ஈக்கு அது போதுமாயிருக்கிறது.

வேகத்தை இலக்காக வைத்து டோபி டெல்புரூக் 1993இல் செய்த இன்னொரு சில்லில் கற்பனை வேறு பக்கம் போகிறது. அறுகோணமாக அடுக்கிய பிக்சல்கள். மூன்று திசைகளில் தாமதக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் செய்தி பிக்சல் பிக்சலாக, குறிப்பிட்ட வேகத்தில், ஒரே திசையில் நகர்கிறது. வழியில் ஒவ்வொரு பிக்சலும் தான் கண்டதை அந்தச் செய்தியோடு சேர்க்கிறது. கண்முன் நகரும் விளிம்பும் அதே வேகத்தில், அதே திசையில் போனால் ஒவ்வோர் அடியிலும் செய்தி வலுத்துக்கொண்டே போகும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் வீச்சு ஏறுவதுபோலத்தான். விளிம்பு முந்தினாலோ பிந்தினாலோ, எதிரே வந்தாலோ, செய்தி கலைந்து தேய்ந்துவிடும். வெளியிலிருந்து ஒரு மின்னழுத்தத்தைத் திருகினால் மொத்தச் சில்லும் வேறொரு வேகத்துக்குச் சுருதி சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்தக் குடும்பத்தில் எது அழகு என்று கேட்டால் நான் காட்டுவது இவற்றுக்கெல்லாம் மூத்ததை: ஜான் டானரும் மீடும் 1986இல் வெளியிட்ட சில்லு. 8×8, ஆக மொத்தம் 64 பிக்சல். அதன் அருமை தெரிய ஒரு பழைய புதிரைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். நீளமான கோடு ஒன்று நகர்வதை ஒரு சிறு துளை வழியே பார்க்கிறீர்கள். முனைகள் கண்ணில் படவில்லை. அது வலப்பக்கம் போகிறதா, மேலே போகிறதா, இரண்டுக்கும் நடுவிலா? துளைக்குள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கோட்டுக்குச் செங்குத்தான பங்கை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். கோடு தன் போக்கிலேயே வழுக்கினால் யாருக்கும் தெரியாது. மேலை நாட்டு முடிதிருத்தகங்களின் வாசலில் சுழலும் பட்டைத் தூண் பக்கவாட்டில்தான் சுழல்கிறது. பட்டைகள் மேலே ஏறுவதாகத் தோன்றுவது இதனால்தான். ஹான்ஸ் வாலக் 1935இல் இதை விரிவாக ஆராய்ந்தார். சில்லின் ஒவ்வொரு பிக்சலும் இப்படித் துளை வழியே பார்ப்பதுதான். தனியாக எந்தப் பிக்சலாலும் விடை சொல்ல முடியாது. ‘விடை இந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது’ என்றுதான் சொல்ல முடியும்.

டானர் சில்லு முழுவதும் இரண்டே கம்பிகளை ஓட்டினார். ஒன்றின் மின்னழுத்தம் கிடைமட்ட வேகம், மற்றதன் மின்னழுத்தம் செங்குத்து வேகம். அவ்வளவுதான் வெளியீடு. ஒவ்வொரு பிக்சலும் இரண்டு கம்பிகளையும் ‘படிக்கிறது’; அங்கே எழுதியிருக்கும் வேகம் தன் கண்ணில் படுவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. ஒத்துப்போனால் சும்மா இருக்கிறது. இல்லையென்றால், முரண் குறையும் திசையில் கம்பிகளுக்குள் கொஞ்சம் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது அல்லது உறிஞ்சுகிறது. அறுபத்து நான்கு பிக்சல்களும் ஒரே சமயத்தில் இதைச் செய்ய, கம்பிகள் சற்றுத் தள்ளாடி ஓர் இடத்தில் நிற்கின்றன. எல்லாருடைய முரண்களின் இருமடிகளைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடம் அது. கணிதத்தில் மீச்சிறு வர்க்க முறை என்று பெயர் சூட்டி, அணிகளைத் தலைகீழாக்கிக் கண்டுபிடிக்கும் விடை. இங்கே யாரும் எதையும் தலைகீழாக்கவில்லை. கம்பியில் மின்னோட்டங்கள் கூடுவது கிர்க்காஃப் விதிப்படி தானாக நடக்கிறது.

அதற்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிக்சல் செலுத்தும் மின்னோட்டம், தன் முன்னால் உள்ள விளிம்பின் கூர்மைக்கு ஏற்ற அளவே இருக்கும். எதிரே வெற்றுச் சுவர் என்றால் செலுத்துவது பூச்சியம். கூரான விளிம்பைப் பார்க்கும் பிக்சல் ஓங்கிப் பேசும். யார் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானிக்கத் தனியாக ஒரு சுற்று இல்லை. பிழையைத் திருத்தும் பெருக்கலிலேயே அந்தத் தராதரம் அடங்கிவிடுகிறது. தெரியாதவர் தாமாகவே மௌனம் காக்கும் சபை! நான் பார்த்த கூட்டங்கள் எதிலும் இது நடந்ததில்லை.

அழகாக இருந்தது என்பதால் நன்றாக ஓடியது என்று பொருளில்லை. படம் மொத்தமும் ஒரே வேகத்தில் நகர வேண்டும், பளிச்சென்று இருக்க வேண்டும். இரண்டு பொருள்கள் எதிரெதிரே போனால் கம்பிகள் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரியில் நிற்கும். கடைக்குப் போன சில்லுகள் எளிமையானவை. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ மையத்தில் ரிச்சர்ட் லயன் 1981இல் பதினாறே ஒளியுணரிகளைக் கொண்டு ஒளி மவுஸ் செய்தார். முதலில் வெளிச்சம் கண்ட உணரி அண்டையாரை அமுக்கிவிடும் விழித்திரைத் தந்திரம் அதில் உண்டு. 1990களின் நடுவில் வந்த லாஜிடெக் மார்பிள் டிராக்பாலில், புள்ளிகள் இறைத்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது அதே நூஷாடெல் நகரத்திலிருந்து வந்த சில்லு. 1999இல் ஏஜிலன்ட் நிறுவனத்தின் மவுஸ் உணரி, நொடிக்கு 1,500 படங்கள் எடுத்து எண்ணிக்கைக் கணக்காக ஒப்பிட்டு, சந்தையை அள்ளிக்கொண்டது. டோபி டெல்புரூக் பின்னர் சூரிச்சில் பாட்ரிக் லிச்ஸ்டைனர், கிறிஸ்டோஃப் போஷ் இருவரோடும் செய்து 2008இல் வெளியிட்ட 128×128 சில்லு மட்டும் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு பிக்சலும் தன் வெளிச்சத்தின் மடக்கை மாறிய கணத்தில் மட்டும், மைக்ரோநொடிக் கணக்கில், குரல் கொடுக்கும். நிகழ்வுக் கேமராக்கள் என்று இன்று விற்பவற்றின் முன்னோடி அது. ஆனால் அதில் நகர்வைக் கணிப்பதே இல்லை. மாறுதலை மட்டும் சொல்லிவிட்டு மீதியை வெளியே இருக்கும் கணினிக்குத் தள்ளிவிடுகிறது. புத்திசாலித்தனமான முடிவுதான். எனக்கு அதில் சின்ன வருத்தம்.

டானரின் கம்பிகளுக்கு வேறொரு வாரிசு கிடைத்தார். சூரிச்சில் ஆய்வு செய்த ஆலன் ஸ்டாக்கர், அந்த இரண்டு பொதுக் கம்பிகளையும் நறுக்கினார். இப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தமாக இரண்டு மின்னழுத்தங்கள். அண்டைப் பிக்சல்களோடு அவை மின்தடைகளால் இணைந்திருக்கும். எம்ஐடியில் ஹார்னும் ஷுங்க்கும் 1981இல் கணினிக்காக எழுதிய கணக்கு, ஒரு பொருளின் அண்டைப் புள்ளிகள் அநேகமாக ஒன்றுபோலவே நகரும் என்ற எண்ணத்தின்மேல் நிற்பது. அந்த எண்ணத்துக்கு இங்கே மின்தடை வலைதான் உருவம். மின்தடையைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாப் பிக்சல்களும் ஒன்றாகி டானரின் சில்லாகிவிடும். கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தன் துளைக்குள் ஒடுங்கிவிடும். நடுவில் நின்றால், 30×30 சில்லில் கையின் அசைவு ஓரிடத்திலும் பின்னணியின் அசைவு வேறிடத்திலும் அம்புக்குறிகளாகத் தனித்தனியே தெரியும். பின்னால் வந்த வடிவத்தில், இரண்டு அசைவுகள் சந்திக்கும் எல்லையில் அந்த மின்தடைகளைச் சில்லே துண்டித்துக்கொள்ளவும் செய்தது.

ஸ்டாக்கர் சேர்த்த இன்னொன்று சுற்றுப்படத்தில் கண்ணுக்கே படாத அளவு சிறியது. ஒவ்வொரு பிக்சலின் வேகத்தையும் பூச்சியத்தை நோக்கி மெல்ல இழுக்கும் ஓர் இணைப்பு. விளிம்பு பளிச்சென்று இருந்தால் பிக்சலின் மின்னோட்டம் அந்த இழுப்பை எளிதில் மீறிவிடும். விளிம்பு மங்கினால் இழுப்பு ஓங்கும். சில்லு உண்மையைவிடக் குறைந்த வேகத்தைச் சொல்லும். இது பிழைதானே என்றால், நம் கண்ணும் இதே பிழையைச் செய்கிறது. மங்கலான பட்டைகள் மெதுவாக நகர்வதாகத் தோன்றும் என்று பீட்டர் தாம்சன் 1982இல் அளந்து காட்டியிருந்தார். 1998இல் ராபர்ட் ஸ்னோடனும் சக ஆய்வாளர்களும் ஓட்டுநர்களைப் போலிச் சாலைக் காட்சியில் உட்கார வைத்தபோது, மூடுபனியில் அவர்கள் தம் வேகத்தைக் குறைவாக நினைத்து வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார்கள். ஸ்டாக்கரே பிறகு ஈரோ சிமோன்செல்லியோடு சேர்ந்து மனிதர்களைச் சோதித்து, கண் தனக்குள் வைத்திருக்கும் இந்த மெதுவேகச் சாய்வை 2006இல் அளவிட்டார். உலகத்தில் பெரும்பாலானவை அசையாமலோ மெதுவாகவோ இருக்கின்றன. தகவல் போதாதபோது மெதுவேகம் என்று ஊகிப்பதே பாதுகாப்பான பந்தயம் என்பது அதன் தர்க்கம்.

சில்லுக்கு அந்தச் சாய்வு வேறொரு விதத்திலும் அவசியம். ஒரே அச்சில் வார்த்த டிரான்சிஸ்டர்களிலும் எந்த இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. தொடக்க எல்லையில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலும் கசிவு நிலையில் அது மடங்காகப் பெருகி, மின்னோட்டத்தைப் பத்து சதவீதத்துக்குமேல் பிசகவைக்கும். ஒளியுணரிகளின் நிலையான பிசகு பெரிய தொல்லை இல்லை. மாறுதலை மட்டும் பார்க்கும் சுற்றுக்கு மாறாத பிசகு தெரியாது. பெருக்கிகளின் பிசகு அப்படிப் போகாது. எதிரே வெற்றுச் சுவர் இருந்து, பிக்சலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது, அந்தச் சிறு பிசகு மின்னோட்டம் கேட்பாரில்லாமல் சேர்ந்து சேர்ந்து வேக மின்னழுத்தத்தை ஏதோ ஓர் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். பூச்சியத்தை நோக்கிய அந்த மெல்லிய இழுப்புதான் அதைத் தடுத்து, வெற்றுச் சுவரை அசையாத சுவராகவே காட்டுகிறது.